நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

(முதுகலை இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

நன்றி பாராட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்துள்ளார். நம் கல்லூரி விழா எதுவும் நன்றியுரை இல்லாமல் முடிவதில்லை. ஆனால் நன்றியுரை தொடங்கியவுடன் பாதிப் பேர் எழுந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிடுவதும் நாம் அறிந்ததே. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் நன்றியுரைக்கும் இதே கதிதான். தலைப்பைப் படிக்கிறோம், சுருக்கத்தைப் படிக்கிறோம், முடிவைப் படிக்கிறோம். கடைசிப் பத்தியில் யாருக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை.

இந்த ஆண்டு என் ஆய்வேட்டை எழுதும் வரை நானும் பார்த்ததில்லை. ஒரு நன்றியுரையில் நானே தவறு செய்து பிடிபட்ட பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். அந்தத் தவற்றிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. என் போன்ற மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் ஆய்வேடும் ஒரு கேள்வியும்

என் ஆய்வு கொசுப்புழுக்களைப் பற்றியது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அண்ணாச்சி ஒருவர் நொச்சியும் வேம்பும் சேர்த்து மூலிகை எண்ணெய் ஒன்றைக் காய்ச்சி விற்கிறார். தேங்கிய நீரில் சில துளிகள் விட்டால் கொசுப்புழுக்கள் மடிந்துவிடும் என்பது அவர் கடைப்பலகையில் உள்ள வாசகம். டெங்குக் காய்ச்சல் எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் தலைகாட்டுவதால், அவ்வாசகம் உண்மைதானா என்று சோதிக்க விரும்பினேன். அண்ணாச்சி மகிழ்ந்து போனார். ஆறு புட்டி எண்ணெயை விலையின்றித் தந்தார். தட்டும் வடிகட்டியும் வாங்கவும், பேருந்துச் செலவுக்கும் என்று இரண்டாயிரம் ரூபாயும் கையில் வைத்தார். கூடவே ஒன்று சொன்னார்:

“என் பேரெல்லாம் எதுக்கு தம்பி? போட்டா விளம்பரம்னு சொல்லுவாங்க. முடிவு நல்லா வந்தா ஒரு காப்பி மட்டும் குடுங்க, கடையில மாட்டிக்கிடுதேன்.”

ஆய்வு முடிந்தது. புதிதாகத் திறந்த எண்ணெயில் பெரும்பாலான புழுக்கள் ஒரு நாளைக்குள் இறந்தன. திறந்து இரண்டு வாரம் ஆன புட்டியிலிருந்து எடுத்த எண்ணெயில் பாதிகூட இறக்கவில்லை. முதல் அட்டவணையை ஆய்வேட்டில் சேர்த்தேன். இரண்டாவது அட்டவணையைச் சேர்க்கவில்லை. பக்கம் கூடுகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நன்றியுரை மட்டும் ஒரு பக்கத்திற்கும் மேல் வந்தது. முதல்வர், துறைத் தலைவர், வழிகாட்டிப் பேராசிரியர், ஆய்வகத்து அண்ணன், பெற்றோர், நண்பர்கள், தட்டச்சு செய்து தந்த கடைக்காரர், எல்லாம் வல்ல இறைவன் என எவரையும் நான் விடவில்லை, அண்ணாச்சி ஒருவரைத் தவிர.

பேராசிரியர் ஆய்வேட்டைக் கையில் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார்.

“எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டியேப்பா. எண்ணெய் எங்கேயிருந்து வந்தது?”

“எங்க ஊர் அண்ணாச்சி ஒருத்தர் சும்மாவே குடுத்தார், ஐயா.”

“சும்மாவா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் பக்கங்களைப் புரட்டினார். “பழைய புட்டியை வெச்சு ரெண்டு வாரம் எண்ணிக்கிட்டு இருந்தியே, அந்த அட்டவணை எங்கே?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் கடிந்துகொள்ளவில்லை. “மருத்துவ இதழ்களிலிருந்து பத்துக் கட்டுரை எடு. கடைசிப் பத்தியை மட்டும் படிச்சிட்டு வா. அப்புறம் பேசுவோம்” என்று அனுப்பிவிட்டார். பத்து என்று தொடங்கியது எத்தனையோ ஆனது. அங்கே நான் கற்றதைக் கீழே தொகுத்துத் தருகிறேன்.

மருத்துவ இதழில் நன்றியுரை எப்படி அமைகிறது?

நம் ஆய்வேட்டு நன்றியுரை மனம் நிறைந்து சொல்வது. மருத்துவ இதழின் நன்றியுரையோ கணக்குக் காட்டுவது. அதில் மூன்று செய்திகள் தனித்தனியே இருக்க வேண்டும். முதலாவது, ஆய்வுக்கு உதவியும் ஆசிரியராக இடம்பெறாதவர்கள் யார் என்பது. இரண்டாவது, பணமும் பொருளும் எங்கிருந்து வந்தன என்பது. மூன்றாவது, பணம் தந்தவருக்கு ஆய்வைத் திட்டமிடுவதிலோ, எண்களை ஆராய்வதிலோ, கட்டுரை எழுதுவதிலோ கை இருந்ததா என்பது. இவற்றோடு ஆசிரியர்களின் சொந்த ஆதாயங்களையும் தனியே அறிவிக்க வேண்டும். பங்கு முதலீடு, ஆலோசனைக் கட்டணம், வழக்குகளில் சாட்சியம் சொல்லப் பெற்ற ஊதியம் ஆகியவை அதில் அடங்கும்.

இம்முறை ஒரே நாளில் வந்ததன்று. 1978இல் மருத்துவ இதழாசிரியர் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிக் கட்டுரைகளுக்குப் பொதுவான விதிகளை வகுக்கத் தொடங்கினர். அக்குழுவே வளர்ந்து பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு ஆயிற்று. 2001 செப்டம்பரில் அக்குழுவின் இதழ்கள் ஒரே தலையங்கத்தை ஒருசேர வெளியிட்டன. பணம் தருபவர் ஆய்வின் முடிவை அடக்கி வைக்கும் உரிமையைக் கேட்டால் அத்தகைய ஆய்வை ஏற்பதில்லை என்பது அதன் சாரம். 2009இல் எல்லா ஆசிரியர்களும் நிரப்பித் தரவேண்டிய பொதுவான அறிவிப்புப் படிவம் ஒன்றும் வந்தது.

மருந்துகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆய்வுகளை எழுதுவதற்கு கன்சார்ட் என்றொரு வழிகாட்டிப் பட்டியல் உண்டு. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் 25 இனங்கள் இருந்தன. 25ஆவது இனம் நிதி ஆதாரம். அதில் பணத்தை மட்டும் கேட்கவில்லை, மருந்தை இலவசமாகத் தந்தது போன்ற பிற உதவிகளையும் சொல்லுமாறு கேட்டிருந்தது. இதைப் படித்ததும் என் மேசையடியில் இருந்த ஆறு புட்டிகள் நினைவுக்கு வந்தன. 2025இல் இப்பட்டியல் 30 இனங்களாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, நிதி பற்றிய இனம் கடைசியிலிருந்து ஐந்தாம் இடத்திற்கு, அதாவது முன்னுரைக்கும் முன்னால் வந்துவிட்டது. வாலில் கிடந்ததைத் தலைப்பக்கம் கொண்டுவந்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

எண்ணுக்குள் ஒரு முகவரி

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் உலகில் மருத்துவ ஆய்வுக்கு மிகுந்த அரசுப் பணம் தரும் அமைப்பு. அதன் உதவியைப் பெற்றவர்கள் நல்கை எண்ணையும் அச்சிட வேண்டும். ஆர்01 என்று தொடங்கி, சி.ஏ. என்ற ஈரெழுத்தும், பின்னர் ஆறு இலக்கமும் வரும். ஆர்01 என்பது ஆய்வுத் திட்டத்துக்கான நல்கை வகை. சி.ஏ. என்றால் புற்றுநோய் நிறுவனம், எச்.எல். என்றால் இதயம், நுரையீரல், குருதி பற்றிய நிறுவனம், ஏ.ஐ. என்றால் ஒவ்வாமை, தொற்றுநோய் நிறுவனம். ஆறு இலக்கம் அந்தத் திட்டத்துக்கே உரியது. ஊர், தெரு, கதவிலக்கம் எழுதிய முகவரி போன்றது இது. யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைக் கொண்டு எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, என்ன செய்வதாகச் சொல்லிப் பெற்றார்கள் என்று தேடிவிடலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்காவில் 2010 முதல் 2016 வரை 210 புதிய மருந்துகளுக்கு அனுமதி தரப்பட்டது. இம்மருந்துகளையும், அவை உடலில் எவற்றின்மீது செயற்படுகின்றனவோ அவற்றையும் பற்றி வெளியான கட்டுரைகளைப் பென்ட்லி பல்கலைக்கழகத்தார் திரட்டி, எவற்றில் மேற்சொன்ன நிறுவனங்களின் நல்கை குறிக்கப்பட்டுள்ளது என்று ஆராய்ந்தனர். 2018இல் முடிவு வெளியாயிற்று. 210 மருந்துகளில் ஒன்றுகூட விலக்கில்லாமல் எல்லாவற்றின் பின்னாலும் அரசுப் பணத்தால் நடந்த ஆய்வு இருந்தது. அத்தொகை பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேல். மருந்து விலையைப் பற்றி வாதாடும்போது, இதன் அடித்தளத்திற்கு மக்கள் வரிப்பணம் சென்றிருக்கிறது என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் எங்கோ ஓர் ஆய்வாளர் சலிப்போடு தட்டச்சு செய்த ஒரு வரிதான். அவர் எழுதாமல் விட்டிருந்தால் மக்களின் பங்கு கணக்கிலிருந்தே மறைந்திருக்கும்.

சென்னையில் ஒரு நல்ல முன்மாதிரி

நல்ல முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளை மருத்துவ விடுதியில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் நோய் தீரும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நம் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம், படுக்கைகளோ மிகச் சில. ஆகவே வறுமையும் இட நெருக்கடியும் மிக்க வீடுகளிலேயே நோயாளிகளை வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். யாரை வீட்டில் வைப்பது, யாரை விடுதிக்கு அனுப்புவது என்பதை மருத்துவர் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையால் முடிவு செய்தார்கள். வீட்டுச் சிகிச்சையின் பயன் விடுதிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. 1959இல் உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் வெளியான அக்கட்டுரை, காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே உலகெங்கும் மாற்றியது.

அம்மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. இதை அவர்கள் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீட்டுச் சிகிச்சை வெற்றி பெற்றால் அரசுக்குப் படுக்கைச் செலவு மிச்சம். ஆகவே பணம் தந்த அரசுக்கும் முடிவில் ஓர் ஆதாயம் இருக்கத்தான் செய்தது. அது தெரிந்திருந்ததால் படிப்பவர் கூர்ந்து படிக்க முடிந்தது. தேர்வு முறையையும் எண்களையும் துருவிப் பார்த்த பிறகும் முடிவு நின்றது. பணம் தந்தவர் பெயரைச் சொன்னதால் அந்த ஆய்வின் மதிப்பு குறையவில்லை, கூடியது. அதே மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இலண்டன் கட்டுரையும் எங்கள் வீடும்

இனி மறுபக்கத்தைக் காண்போம். இது எங்கள் வீட்டையும் தொட்ட கதை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி இயக்கம் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி. நான் அப்போது எட்டாம் வகுப்பு. அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு மூளைக்கோளாறு வரும், இலண்டன் டாக்டர் ஒருவரே கண்டுபிடித்திருக்கிறார் என்றது அச்செய்தி. ஊசி போடும் நாளில் அப்பா என்னையும் தங்கையையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. சில நாள் கழித்து நர்ஸம்மா வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, அம்மாவிடம் பொறுமையாகப் பேசிய பிறகே எங்களுக்கு ஊசி போடப்பட்டது. அந்த இலண்டன் டாக்டர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்பது ஆண்டு கழித்து, பேராசிரியர் சொன்ன பத்துக் கட்டுரைகளைத் தேடும்போது அவரைக் கண்டேன்.

ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிருவரும் எழுதிய அக்கட்டுரை 1998 பிப்ரவரியில் லான்செட் இதழில் வெளிவந்தது. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்த வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது அது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியோடு குடல் நோயையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தும் ஐயத்தை அது கிளப்பியது. கட்டுரையின் இறுதியில் நன்றியுரை இல்லாமல் இல்லை. மருத்துவமனையின் சிறப்பு அறங்காவலர்களும் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளையும் ஆதரவளித்ததாக அதில் இருந்தது. படிப்பவர் யாருக்கும் ஐயமே எழாத பெயர்கள்.

சொல்லாமல் விட்டது வேறொன்று. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர் ஒருவருக்காக வேக்ஃபீல்டு 1996 முதலே பணியாற்றி வந்தார். அதற்கான பணம் பிரிட்டனின் சட்ட உதவி வாரியத்திலிருந்து வந்தது. ஊசியால் தீங்கு என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். அவ்வழக்கைச் சார்ந்த குழந்தைகள் சிலர் அந்தப் பன்னிருவரிலும் இருந்தனர். இதழியலாளர் பிரையன் டீர் 2004 பிப்ரவரியில் சண்டே டைம்ஸ் வார ஏட்டில் இதை வெளிக்கொணர்ந்தார். அடுத்த மாதமே ஆசிரியர்கள் 13 பேரில் 10 பேர், கட்டுரையில் சொல்லப்பட்ட விளக்கத்தைத் தாங்கள் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரை முழுவதையும் நீக்கியது. அவ்வாண்டு மே மாதம் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து அடித்தது. கட்டுரையில் உள்ளதும் குழந்தைகளின் மருத்துவக் குறிப்பில் உள்ளதும் பொருந்தவில்லை என்பதை 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் விரிவாக வெளியிட்டது.

இதற்கிடையில் விளைந்த கேடு சிறிதன்று. இங்கிலாந்தில் 1990களின் நடுவில் 92 விழுக்காடாக இருந்த எம்.எம்.ஆர். ஊசி போட்ட குழந்தைகளின் அளவு, 2003–04இல் ஏறத்தாழ 80 விழுக்காடாகச் சரிந்தது. ஒழிந்துவிட்டதாக எண்ணிய தட்டம்மை திரும்பி வந்தது. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து இலட்சத்தைவிட அந்தப் பன்னிரண்டுதான் எங்கள் வீட்டு வாசல் வரை நடந்து வந்தது.

நண்பர்களே, இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். வேக்ஃபீல்டுக்கு வந்தது மருந்து நிறுவனத்தின் பணமன்று. ஏழைகளுக்கு வழக்கு நடத்த உதவும் பொதுப் பணம்தான். பணம் நல்லதா கெட்டதா என்பதன்று கேள்வி. இந்த முடிவு வந்தால் யாருக்கு நன்மை என்பதைப் படிப்பவர் அறிய வேண்டும். அதை அறிய விடாமல் செய்ததே குற்றம்.

சர்க்கரையும் புகையிலையும்

இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதய நோயும் உணவும் பற்றிய மதிப்பாய்வுக் கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர்கள். கொழுப்பைப் பெரிய குற்றவாளியாகவும், சர்க்கரையை ஏறத்தாழக் குற்றமற்றதாகவும் அது காட்டியது. சர்க்கரை ஆய்வு அறக்கட்டளை என்ற தொழில் அமைப்பு அதற்காக 6,500 டாலர் தந்ததும், வரைவைப் பார்வையிட்டதும் கட்டுரையில் இல்லை. நூலகங்களில் உறங்கிக் கிடந்த கடிதங்களிலிருந்து 2016இல்தான், அதாவது 49 ஆண்டு கழித்து, அது வெளிப்பட்டது. அந்நாளில் நிதி ஆதாரத்தைச் சொல்வது கட்டாயமில்லை என்பதையும், கொழுப்பைப் பற்றிய கருத்துக்கு வேறு ஆதாரங்களும் இருந்தன என்பதையும் 2018இல் வரலாற்றறிஞர் இருவர் சுட்டிக்காட்டினர். அது நியாயமே. ஆனால் ஒரு வரி அன்றே அச்சாகியிருந்தால், அரை நூற்றாண்டு கழித்து எழுந்த இந்த ஐயத்திற்கே இடமிருந்திராது அன்றோ?

இரண்டாவது நிகழ்ச்சியில் வரி அச்சானது, உண்மை அச்சாகவில்லை. 2006இல் அதே இதழில், புகைப்போரின் நுரையீரலைப் படமெடுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே காண்பது பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. உதவியவர் பட்டியலில் நுரையீரல் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஓர் அறக்கட்டளையும் இருந்தது. அவ்வறக்கட்டளையின் பணம் ஏறத்தாழ முழுவதும், அதாவது 36 இலட்சம் டாலர், ஒரு சிகரெட் நிறுவனத்தின் தாய் நிறுவனத்திடமிருந்து வந்தது என்பது 2008இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பின்னரே உலகுக்குத் தெரிந்தது. பெயரை மட்டும் படித்தால் போதாது, பெயருக்குப் பின்னால் நிற்பவரையும் அறிய வேண்டும். அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் 1954இல் தொடங்கிய அமைப்பின் பெயர் புகையிலைத் தொழில் ஆய்வுக் குழு. 1964இல் அது புகையிலை ஆய்வு மன்றம் ஆயிற்று. ‘தொழில்’ என்ற சொல் மட்டும் எப்படியோ உதிர்ந்துவிட்டது!

பணம் வாங்கினால் பொய்யா?

அப்படியானால் நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வெல்லாம் பொய்யா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை நிறுவனங்களின் செலவில் சோதிக்கப்பட்டவையே. எனினும் காக்ரேன் அமைப்பினர் 2012இலும், பின்னர் 2017இலும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒன்றைக் கண்டனர். தயாரிக்கும் நிறுவனமே பணம் தந்த ஆய்வுகளில், பிறர் பணம் தந்தவற்றைவிட, மருந்துக்குச் சாதகமான முடிவு மிகுதியாகக் காணப்பட்டது. எல்லாரும் வேண்டுமென்றே பொய் எழுதினார்கள் என்று இதற்குப் பொருளன்று. எதனோடு ஒப்பிடுவது, எத்தனை நாள் பார்ப்பது, எந்த அட்டவணையை விடுவது என்ற சின்னஞ்சிறு முடிவுகளில் சாய்வு புகுந்துவிடலாம்.

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. “முடிவு நல்லா வந்தா” என்று மட்டும்தான் சொன்னார். அந்த மூன்று சொற்கள் என் கையைப் பிடித்து ஓர் அட்டவணையை எடுத்துவிட்டன. பிடித்ததே எனக்குத் தெரியவில்லை. தெரியாததனால்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளன் தன் நேர்மைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. படிப்பவர் எடை போடட்டும் என்று தராசை அவர் கையில் கொடுப்பதே நிதி பற்றிய அந்த வரி.

நாம் எழுதும்போது

நம் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் சிறியவையே. ஆயினும் பழக்கம் சிறியதில்தான் தொடங்குகிறது. நான் கற்றவற்றில் சில:

1. பணம் தந்தவரின் முழுப் பெயரை எழுதுக. வெறும் சுருக்கெழுத்தால் குழப்பம் வரும். நல்கை எண் இருந்தால் அதை ஓர் இலக்கமும் பிசகாமல் எழுதுக.

2. பொருளாக வந்ததும் உதவியே. வேதிப்பொருள், மருந்து, தீவனம், கருவி இரவல் ஆகியவற்றையும் குறிப்பிடுக.

3. யாருக்கு எந்த உதவி என்று பிரித்துச் சொல்க. உதவித்தொகை ஒருவருக்கு, ஆய்வுச் செலவு மற்றொருவருக்கு என்றால் இரண்டையும் ஒன்றாகக் கலக்கலாகாது.

4. உதவியவருக்கு ஆய்வில் கை இருந்ததா, இல்லையா என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்க. இல்லையென்றால் இல்லை என்றே எழுதுக.

5. எந்த நிதியும் கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுதுக. ஒன்றும் எழுதாமல் விட்டால், கிடைக்கவில்லையா, மறைத்தாரா என்று படிப்பவருக்குத் தெரியாது.

6. பெயரைப் போடுவதற்கு முன் உரியவரிடம் சொல்லிவிடுக. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால், உதவியையும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆறாவது விதியைப் பட்டறிவால் எழுதுகிறேன்.

முடிவுரை

என் ஆய்வேட்டின் நன்றியுரையைத் திருத்தி எழுதினேன். பெற்றோரும் நண்பர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அதன் கீழே தனிப் பத்தியாக இவ்வாறு சேர்த்தேன்: ‘இவ்வாய்வுக்கான மூலிகை எண்ணெய் ஆறு புட்டிகளும் ரூ. 2,000 பணமும் அதைத் தயாரித்து விற்பவரால் தரப்பட்டன. ஆய்வைத் திட்டமிடுவதிலும் எழுதுவதிலும் அவருக்குப் பங்கில்லை.’ அதோடு அவர் பெயரையும் கடையின் பெயரையும் எழுதினேன். விட்டுப்போன அட்டவணையையும் அதற்குரிய இடத்தில் சேர்த்தேன். ஆய்வேட்டில் இரண்டு பக்கம் கூடியது.

ஒரு படியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது அட்டவணையை நெடுநேரம் பார்த்தார்.

“இத எழுதித்தான் ஆகணுமா தம்பி?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வேட்டை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தார். கடையில் மாட்டவில்லை. இன்றுவரை மாட்டவில்லை. எனக்கு அதில் சற்று வருத்தம் உண்டு, ஏனெனில் அவர் நல்ல மனிதர். ஆனால் எங்கள் தெருவில் யாரேனும் அந்த எண்ணெயைப் பற்றி என்னிடம் கேட்டால், எந்த அட்டவணையையும் மறைக்காமல் என்னால் பதில் சொல்ல முடிகிறது. டெங்குக் காய்ச்சல் வரும் ஊரில் அது சிறிய செய்தியன்று.

ஆகவே மாணவ நண்பர்களே, இனி ஒரு மருத்துவக் கட்டுரை உங்கள் கைக்கு வந்தால் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். அங்கே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றும் எண்ணுங்கள். நீங்களே எழுத நேர்ந்தால், உங்களுக்குப் பின் வருபவர் ஐம்பது ஆண்டு கழித்துப் பழைய கடிதங்களைத் துருவ வேண்டிய நிலையை வைக்காதீர்கள். நன்றி மறவாமை நம் முன்னோர் வகுத்த அறம். பெற்றதை மறைக்காமல் எழுதுவது ஆய்வாளனுக்குரிய அறம். இரண்டையும் ஒரே வரியில் செய்து முடிக்கலாம்.